ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல்: டாக்டருக்கு போன் போடுவதா, விடியட்டும் என்று இருப்பதா?

பாப்பா_அம்மா (கேள்வி)

பாப்பாவுக்கு 2 வயசு, எடை 11 கிலோ. சாயங்காலத்திலிருந்து காய்ச்சல், அக்குளில் வைத்தால் 102.4 காட்டுகிறது. வீட்டில் பாராசிட்டமால் சிரப் ஒன்றும், கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய சொட்டு மருந்து பாட்டில் ஒன்றும் இருக்கிறது. வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் "அவசரம்னா எந்நேரமும் கூப்பிடுங்க" என்று நம்பர் கொடுத்திருக்கிறார். எது அவசரம் என்பதுதான் தெரியவில்லை. 103 தாண்டினால் கூப்பிடு என்கிறார் மாமியார், 104 வரை பயமில்லை என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எந்தக் கணக்கில் முடிவெடுப்பது? மருந்து எத்தனை மில்லி கொடுக்கலாம்?

குழந்தைகள்_வார்டு_நர்ஸ்

ரெண்டு கணக்கும் வேண்டாம். தெர்மாமீட்டர் நம்பரை மட்டும் வெச்சு முடிவெடுக்கிற வயசு ஒண்ணே ஒண்ணுதான்: மூணு மாசம் நிறையாத குழந்தை. அதுக்கு 100.4 வந்தாலே போன்கூட வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. அந்த வயசில் ரத்தத்தில் கிருமி கலந்திருந்தாலும் வெளியே பெரிசா ஒண்ணும் தெரியாது. பால் குடிக்காம சோர்ந்து கிடக்கும், அவ்வளவுதான்.

உங்க பாப்பா வயசுக்கு 104 காட்டிட்டு ஓடியாடுற பிள்ளையும் உண்டு, 101-ல் துவண்டு கிடக்கிற பிள்ளையும் உண்டு. பயப்பட வேண்டியது ரெண்டாவது பிள்ளைக்கு. அதனால முதலில் எடைக்கு ஏத்த அளவில் மருந்து கொடுங்க, ஒரு மணி நேரம் விடுங்க, அப்புறம் பிள்ளையைப் பாருங்க. காய்ச்சல் ஏறி இருக்கும்போது எந்தக் குழந்தையும் சோர்வாத்தான் இருக்கும், மூச்சும் வேகமாத்தான் வாங்கும். இறங்கினதும் கண்ணைப் பார்த்துச் சிரிக்குதா, தண்ணி கேட்குதா, பிஸ்கட்டுக்குக் கை நீட்டுதா? அப்படின்னா விடியற வரை இருக்கலாம். இறங்கியும் மந்தமாவே இருந்தா டாக்டரைக் கூப்பிடுங்க. 98-க்கு வரணும்னு இல்லை, ஒண்ணு ஒண்ணரை டிகிரி குறைஞ்சாலே போதும்.

மூச்சை எண்ணுங்க. சட்டையைத் தூக்கிவிட்டு, லைட்டைப் போட்டு, வயிறு ஏறி இறங்குறதை முழுசா 60 விநாடி எண்ணணும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதீங்க, குழந்தைங்க மூச்சு ஒரே சீரா இருக்காது. அழும்போது எண்ணினாலும் பிரயோஜனமில்லை. ஒரு வயசிலேர்ந்து அஞ்சு வயசு வரை நிமிஷத்துக்கு 40-ம் அதுக்கு மேலயும் வேகம். ரெண்டு மாசத்திலேர்ந்து ஒரு வயசு வரை 50, அதுக்கும் சின்னதுன்னா 60. வேகம் மட்டும்னா டாக்டருக்கு போன். மூச்சு இழுக்கிறப்ப விலாவுக்குக் கீழே குழி விழுந்தா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினா, போன் பண்ணி நேரத்தைக் கழிக்காம கிளம்புங்க.

அப்புறம் மூத்திரம். எட்டு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலைன்னா கூப்பிட வேண்டியதுதான். டயப்பர் போட்டிருந்தா எப்போ போனா, எவ்வளவு போனான்னு தெரியாது. இன்னிக்கு ராத்திரி கழற்றிட்டு, துணி விரிச்சுப் படுக்க வைங்க.

யாரையும் கேட்காம உடனே போக வேண்டியவை: வலிப்பு, எழுப்பினா எழாத மயக்கம், எதையுமே குடிக்க முடியாமை, குடிச்சதெல்லாம் வாந்தி, பச்சைப் பித்தமா வாந்தி, உதடு நீலம் பாரிக்கிறது, கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது கருஞ்சிவப்புப் புள்ளிகள். ஒரு கண்ணாடி டம்ளரைப் புள்ளி மேல வெச்சு அழுத்திப் பார்த்தா மறையுதா இல்லையான்னு தெரிஞ்சிடும். தோல் கறுப்பா இருக்கிற பிள்ளைக்கு உள்ளங்கால், உள்ளங்கையில் தேடுங்க.

மருந்துக்கடைக்காரர்

அளவுக்கு வர்றேன். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 11 கிலோவுக்கு 165. இப்போ பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்க. 5 மில்லியில் 120 மி.கி. என்று இருந்தால் 6.5 மில்லி போதும். 5 மில்லியில் 250 என்று இருந்தால் 3 மில்லி. சொட்டு மருந்து பெரும்பாலும் 1 மில்லியிலேயே 100 மி.கி., அதில் 1.6 மில்லிதான் கணக்கு.

ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் நடக்கிற தப்பு இங்கேதான். "ஆறரை மில்லி" என்பது மட்டும் மனசில் இருக்கும், கைக்குக் கிடைத்தது சொட்டு மருந்து பாட்டிலாக இருக்கும். அதில் 6.5 மில்லி என்றால் 650 மி.கி. பெரியவர்கள் போடுகிற மாத்திரை ஒன்று முழுசாக உள்ளே போன மாதிரி. இந்த எடைக்கு ஒரு நாள் முழுவதற்குமான உச்ச அளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தப் பழைய பாட்டிலை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

சமையல் ஸ்பூனால் அளக்காதீர்கள், கடையில் 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி ஊசியைக் கழற்றிவிட்டு அதால் கொடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், 24 மணி நேரத்தில் நாலு தரத்துக்கு மேல் வேண்டாம். சளி சிரப் எதிலாவது பாராசிட்டமால் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் கணக்கில் வரும். கொடுத்த கால் மணி நேரத்துக்குள் வாந்தியில் வந்துவிட்டால் மறுபடி கொடுக்கலாம். அரை மணி தாண்டியிருந்தால் வேண்டாம்.

காய்ச்சல் இறங்கவில்லை என்று மெஃபெனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் கேட்டு வருவார்கள். டெங்கு இல்லை என்று தெரியாத வரை ரெண்டுமே கூடாது, இரைப்பையில் ரத்தக் கசிவை உண்டாக்கும். ஆஸ்பிரின் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தே இல்லை.

மூணாவது_வீதி

எதுவா இருந்தாலும் முதல்ல டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் 108 கூப்பிடுங்க. அவர் சொன்னா ஆஸ்பத்திரியில சீக்கிரம் பார்ப்பாங்க.

குழந்தைகள்_வார்டு_நர்ஸ்

இல்லை சகோ, இது தப்பு. வலிப்பு வந்த பிள்ளையை வெச்சுக்கிட்டு டாக்டர் போனை எடுக்கிற வரைக்கும் ரிங் போயிட்டே இருக்கும். எடுத்தாலும் "ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னுதான் சொல்வார், வேற எதுவும் சொல்ல முடியாது. வண்டி ஏறினப்புறம் அவருக்குச் சொல்லுங்க. போன் பண்றது நடுத்தரமான நிலைமைக்குத்தான்: உயிருக்கு ஆபத்துன்னு தோணலை, ஆனா விடியற வரை விடவும் மனசு ஒப்பலை, அந்த மாதிரி. அவர் எடுக்கலைன்னா 104. அரசு மருத்துவ ஆலோசனை எண் அது, ராத்திரியிலும் பேசுவாங்க.

வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுறதுக்கு முன்னாடி யோசிங்க, ராத்திரியில் அங்கே பெரும்பாலும் நர்ஸ்தான் இருப்பாங்க. ராத்திரியில் குழந்தை டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி எதுன்னு பகல்லயே விசாரிச்சு வெச்சுக்கணும். சென்னைன்னா எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வெளியூர்ன்னா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பாப்பா_அம்மா

நன்றி அக்கா, நன்றி அண்ணா. சிரப் 120தான், 6.5 மில்லி 9 மணிக்குக் கொடுத்தாச்சு. வலிப்பு வந்தால் என்ன செய்வது? போன் போட்டால் டாக்டரிடம் எதைச் சொல்வது, பதற்றத்தில் வாய் குழறுகிறதே?

குழந்தைகள்_வார்டு_நர்ஸ்

ஆறு மாசத்திலேர்ந்து அஞ்சு வயசுக்குள் காய்ச்சல் வலிப்பு சில பிள்ளைகளுக்கு வரும். பார்க்கத்தான் பயங்கரமா இருக்கும், முக்கால்வாசி ரெண்டு மூணு நிமிஷத்தில் தானா நின்னுடும். முதலில் கடிகாரத்தைப் பாருங்க. தரையில் பக்கவாட்டாப் படுக்க வைங்க, எச்சில் வெளியே வழியட்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறது, பல்லுக்கு நடுவில் ஸ்பூன் வைக்கிறது, வாயில் தண்ணி ஊத்துறது எதுவும் வேண்டாம். சாவியால் வலிப்பு நிக்கறதில்லை, அது நிக்கிற நேரத்துக்கு நின்னுச்சு. தண்ணி மூச்சுக்குழலுக்குள்ள போயிடும். அஞ்சு நிமிஷம் ஆகியும் நிக்கலைன்னா 108. நின்னாலும் முதல் தடவைன்னா அன்னிக்கு ராத்திரியே காட்டணும், மூளைக்காய்ச்சல் இல்லைன்னு உறுதி பண்ணணும்.

கிளினிக்_ரிசப்ஷன்

போனில் பேசறதுக்கு: "டாக்டர், பாப்பாவுக்கு ஒடம்பே சரியில்ல, ஒரு மாதிரி இருக்கா" என்று ஆரம்பித்தால் அவர் பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள். இப்படி: "2 வயசு, 11 கிலோ. காய்ச்சல் சாயங்காலம் 5 மணியிலிருந்து, அதிகபட்சம் 103. 9 மணிக்கு 120 சிரப் 6.5 மில்லி. 10 மணிக்கு 101, ஆனால் மூச்சு நிமிஷத்துக்கு 46. கடைசியாக 7 மணிக்கு ஒண்ணுக்குப் போனாள். இதயம், ஆஸ்துமா, வலிப்பு எதுவும் முன்பு இல்லை." அரை நிமிஷம்தான் ஆகும், அவரும் உடனே "வாங்க" அல்லது "காலையில வாங்க" என்று சொல்லிவிடுவார்.

வாட்ஸப்பில் செய்தி போட்டுவிட்டு நீல டிக் வருமா என்று உட்காராதீர்கள், போன் போடுங்கள். வீடியோ கேட்டால் மட்டும் அனுப்புங்கள்: சட்டை இல்லாமல், நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி 30 விநாடி. போனிலேயே ஆன்டிபயாடிக் பெயர் கேட்பதும் வேண்டாம். பார்க்காமல் எழுத மாட்டார், எழுதவும் கூடாது.

கொசுவலை

இன்னும் யாரும் சொல்லாதது ஒன்று. மழைக்கால மாதங்களில் காய்ச்சல் விட்ட ராத்திரியைத்தான் கவனிக்க வேண்டும். டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிவதும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான். கை கால் சில்லென்று இருப்பது, விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், காரணமில்லாத எரிச்சலோ மந்தமோ: தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் இதில் ஒன்று இருந்தால் அந்த நேரமே ஆஸ்பத்திரி. பிளேட்லெட் எண்ணிக்கை நன்றாக இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், குழந்தையைச் சாய்ப்பது நீர்க்கசிவு. பப்பாளி இலைச்சாறு அதை அடைக்காது.

பாப்பா_அம்மா

10.15-க்குப் பார்த்தேன்: 100.8. மூச்சு 34. அரை டம்ளர் கஞ்சித்தண்ணீர் குடித்தாள், ஒண்ணுக்குப் போனாள், இப்போது தூங்குகிறாள். 3 மணிக்கு அடுத்த டோஸ் கொடுக்க எழுப்பவா?

குழந்தைகள்_வார்டு_நர்ஸ்

நல்லாத் தூங்கினா மருந்துக்காக எழுப்ப வேண்டாம். பாராசிட்டமால் காய்ச்சலோட சங்கடத்துக்குத்தான், நோய்க்கு இல்லை. போர்வையை எடுத்துட்டு மெல்லிசா ஒரு சட்டை, ஃபேன் ஓடட்டும். ஐஸ் தண்ணி ஒத்தடம் வேண்டாம், நடுக்கம் வந்து சூடு இன்னும் ஏறும். ராத்திரியில் ஒரு தரம், ரெண்டு தரம் மூச்சை மட்டும் எண்ணிப் பாருங்க. லேசா அசைச்சா முனகிட்டுத் திரும்பிப் படுக்கணும். படுக்கலைன்னா டாக்டர் நம்பர் இருக்கில்ல, மணி என்னன்னு பார்க்காம கூப்பிடுங்க.