அப்பாவுக்குச் சுகர் இறங்கிய ராத்திரியும் நாலு இனிப்பு மாத்திரையும்

திருச்சி மகள்:

போன ஆடி மாதம் நடந்தது. அப்பாவுக்கு 71 வயது, பதினெட்டு வருஷமாகச் சுகர். கிளிமெபிரைடு, வோக்லிபோஸ் என்று இரண்டு சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். அன்று வயிறு சரியில்லை என்று ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார், மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டார். ராத்திரி இரண்டரை மணிக்கு அம்மா என் அறைக் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால் பனியனைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. கை வெடவெடவென்று நடுங்குகிறது, என் பெயர் வாயில் குழறுகிறது.

அம்மா அதற்குள், சீனிக்குப் பதிலாகக் காபியில் போடும் இனிப்பு மாத்திரை நாலை வெந்நீரில் போட்டுக் கொடுத்திருந்தார். டம்ளர் அடியில் கரையாத வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தது. “இனிப்பாத்தானே இருக்கு, முழுசாக் குடிச்சிட்டார், ஏன் இன்னும் தெளியல?” என்று அழுகிறார். வீட்டில் சீனியே இருக்கக் கூடாது என்று இரண்டு வருஷம் முன்பு டப்பாவோடு தூக்கிப்போட்டவள் நான்தான்.

குளுக்கோமீட்டர் 52 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே லோ சுகர். அந்த மாத்திரை நாக்குக்கு இனிக்குமே தவிர ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. ஏற்றக் கூடாது என்றுதானே அதைச் செய்கிறார்கள்! பகலில் யார் கேட்டிருந்தாலும் அம்மாவே இதைச் சொல்லியிருப்பார். நடுராத்திரிப் பதற்றத்தில் இனிப்பு என்றால் சர்க்கரை என்றுதான் கை போகிறது.

மகனின் விளையாட்டுப் பையில் பாதி குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது, பிழைத்தோம். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தோம். 83. அப்பா என்னைப் பார்த்து, “ஏன்மா எல்லாரும் முழிச்சிருக்கீங்க?” என்றார்.

மறுநாள் டாக்டர் சொன்ன ஒரு விஷயத்துக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். குடல் சீனியை உடைத்துக் குளுக்கோஸ் ஆக்குவதை வோக்லிபோஸ் தாமதப்படுத்தும். அதனால் இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சுகர் இறங்கினால் சீனிகூட மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸாகவே கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இத்தனை வருஷம் மாத்திரை எழுதிக்கொடுத்த ஒருவரும் இதை எங்களிடம் சொன்னதில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கோவை மருமகன்:

படிக்கும்போதே மனசு பதறியது. எங்கள் வீட்டில் நடந்தது சின்னதுதான். தீபாவளிக்கு மாமனாருக்கென்று ‘சுகர் ஃப்ரீ’ மைசூர்பாகு அரைக் கிலோ வாங்கினேன். சர்க்கரைதான் இல்லையே என்று ஒரே நாளில் ஒன்பது துண்டு சாப்பிட்டுவிட்டார். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு, பலகாரம் கெட்டுப்போயிருக்கிறது என்றே நினைத்தோம். காலையில் டப்பாவைத் திருப்பினால், பொடி எழுத்தில் ‘மால்டிட்டால்’, சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு. அது குடலில் முழுசாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுக்குமாம், அதிகம் சாப்பிட்டால் பேதியாகும். சார்பிட்டாலும் இதே ரகம். அதோடு மால்டிட்டால் சர்க்கரையை ஓரளவு ஏற்றவும் செய்யும். கடலை மாவும் நெய்யும் எங்கே போகும்? மறுநாள் அவருக்குச் சுகர் 240. முன்பக்கத்தில் ‘சுகர் ஃப்ரீ’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இதையும் அதே அளவில் போட வேண்டும்.

நெல்லை அக்கா:

எங்களைப் படுத்தியது வாட்ஸாப். 2023 ஜூலையில், எங்கள் இனிப்பு மாத்திரையில் இருக்கும் அஸ்பார்டேமை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில் சேர்த்ததும், ‘காபியில் விஷம்’ என்று ஒரு செய்தி சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? 2பி என்றால் ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம், ஆதாரம் போதவில்லை’ என்று அர்த்தம். சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற வரம்பை, உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு அப்போதும் மாற்றவில்லை. 60 கிலோ ஆளுக்கு அது 2,400 மில்லிகிராம். எங்கள் டப்பாவில் ஒரு மாத்திரைக்கு 18 மில்லிகிராம் போட்டிருந்தது. வகுத்துப் பாருங்கள், 130-க்கு மேல் வருகிறது. அத்தை போட்டது ஒரு நாளைக்கு நாலு.

பயந்துபோன அத்தை டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டுக் கருப்பட்டிக் காபிக்கு மாறினார். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. ஆறு மாதத்தில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் HbA1c 7.1-லிருந்து 8.6-க்கு ஏறிவிட்டது. அப்புறம்தான் இறங்கி வந்தார். இப்போது பாதிக் காபி இனிப்பே இல்லாமல் குடிக்கிறார், எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

நானும் டயட் கோலாவை விட்டுவிட்டேன். எனக்குச் சுகர் கிடையாது, எடை குறையும் என்றுதான் குடித்தேன். எடையைக் கட்டுப்படுத்த இந்த மாதிரி சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அந்த இரண்டாவது வரி எந்த ஃபார்வர்டிலும் வரவில்லை.

திருச்சி மகள்:

அக்கா, அந்தக் கணக்கை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், நன்றி. இப்போது அப்பாவின் தலைமாட்டில் குளுக்கோஸ் டப்பா, அதன் மேல் ஒரு டீஸ்பூனை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். இனிப்பு மாத்திரை அடுப்படி மேல்தட்டுக்குப் போய்விட்டது. அதன் மூடியில் அம்மா தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்: ‘காபிக்கு மட்டும்’.