புதுப்பிப்பு: காருக்கு அடியில எல்இடி ஸ்ட்ரிப் போட்டாச்சு

கார் சைடுல அடியில எல்இடி ஸ்ட்ரிப் போட்டா மழைக்குத் தாங்குமான்னு கேட்டிருந்தேன்ல, போட்டாச்சு மக்களே, ராயபுரத்துல ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் பொறுமையா பண்ணிக் குடுத்தாரு. ஸ்ட்ரிப் ஐபி67, அதாவது 1 மீட்டர் தண்ணில 30 நிமிஷம் தாங்கணும், ஆனா நம்ம ஏரியாவுல பிரச்சனையே ஜாயின்ட்டுதான், காசிமேடு உப்புக்காத்து பட்டா செம்புக் கம்பி பச்சையா பூத்துடும், அதனால ஒவ்வொரு ஜாயின்ட்டையும் சால்ட்ரிங் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டா சுருங்கி வயர இறுக்கிப் பிடிக்கிற குழாய்) மாட்டி, மேல சிலிகான் வேற அடைச்சாரு. பாசிட்டிவ் வயர்ல பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் போட்டிருக்கு, இத மட்டும் யாரும் விட்டுடாதீங்க, வயர் உரசி ஷார்ட் ஆச்சுன்னா வண்டியே எரிஞ்சிடும். கலர் வெள்ளைதான், முன்னாடி சிவப்பு லைட் தெரியக்கூடாதுன்னு மோட்டார் வாகன விதியே இருக்கு. ரோட்டுல ஓட்டும்போது ஆஃப்லதான் இருக்கும், வண்டி நிக்கும்போது மட்டும் போடுறேன், சும்மா ஜம்முனு இருக்கு!