நைஜீரியா 17 வயசுக்குட்பட்ட ரீம் 5 கப் அடிச்சும் பெரிய ரீம் ஏன் இப்பிடி?

விசுவமடு றைற்பேக்:

வணக்கம். எங்கட கிரவுண்டில கொஞ்ச நாளா ஒரு வாக்குவாதம் ஓடுது, முடியிற மாதிரி இல்லை, அதான் இஞ்ச கொண்டுவந்து போடுறன். 17 வயசுக்குட்பட்ட உலகக் கிண்ணத்தை ஆர் கூட எடுத்தது எண்டு கேட்டா எல்லாரும் பிரேசில் எண்டுதான் சொல்லுவினம். இல்லை, நைஜீரியா. 1985, 1993, 2007, 2013, 2015 எண்டு 5 தரம். பிரேசில் 4 தான். அதை விட 1987, 2001, 2009 எண்டு மூண்டு தரம் பைனலுக்கு வந்து தோத்தும் இருக்கு. இப்பிடி ஒரு ரெக்கோர்ட்டை வைச்சுக்கொண்டு பெரிய ஆக்களின்ர உலகக் கிண்ணத்தில கடைசி 16ஐத் தாண்டினதே இல்லை, 1994, 1998, 2014 மூண்டு தரமும் அந்த இடத்திலயே சரி, 2022க்கும் 2026க்கும் போகவே ஏலாமப் போச்சு.

எங்கட கோலி சொல்லுறான் எல்லாம் வயசுக் கள்ளம், 20 வயசுக்காரனை விட்டுப் பால்குடியளோட விளையாடினா கப் வரும்தானே எண்டு. இன்னொருத்தன் அப்பிடி இல்லை, அவங்கள் பெடியளைக் கெதியா ஐரோப்பாவுக்கு வித்துப்போடுறாங்கள் எண்டு. நான் கிளப்பில சின்னப் பெடியளைப் பாக்கிறனான், அதால எனக்கு இது சும்மா பம்பல் கதை இல்லை. ஒரு நாட்டின்ர சின்னாக்கள் ரீம் அடிச்ச கப்பை வைச்சு அந்த நாட்டின்ர புட்போலை மதிக்கலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

முறிகண்டிக் கச்சான்:

உங்கட கோலிக்குச் சொல்லுங்கோ 1993 ரீமை ஒருக்கா எடுத்துப் பாக்கச் சொல்லி. ஜப்பானில நடந்தது, பைனலில கானாவை 2-1 அடிச்சவங்கள். அந்த ரீமிலதான் கானு, பாபயாரோ, ஒருமா எல்லாரும். மூண்டு வருசம் கழிச்சு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில இந்த மூண்டு பேரும் இருந்த ரீம் தங்கம் எடுத்தது. செமியில பிரேசிலோட 3-1 பின்னுக்கு நிண்டு, கடைசி நிமிசத்தில கானு சமன் பண்ணி, பிறகு மேலதிக நேரத்தில கோல்டன் கோலும் (முதல் அடிக்கிற ரீம் வெண்டமாதிரி) அவன்தான் அடிச்சவன், 4-3. பைனலில ஆர்ஜென்டினா 3-2. கள்ள வயசெண்டா மூண்டு வருசத்தில தேய்ஞ்சு போயிருக்கோணும், இவங்கள் ஏறித்தானே போனவங்கள். கானு பிறகு ஆர்சனலில எத்தினை வருசம் விளையாடினவன்.

1985உம் சும்மா இல்லை. சீனாவில முதன்முதலா நடத்தின போட்டி அது, அப்ப 16 வயசுக்குட்பட்டது, பைனலில மேற்கு ஜேர்மனிக்கு 2-0. ஆபிரிக்காவில இருந்து ஒரு நாடு ஃபீஃபா கப் எடுத்தது அதுதான் முதல் தரம்.

விசுவமடு றைற்பேக்:

அண்ணை ஒலிம்பிக்கும் 23க்குட்பட்டதுதானே, மூண்டு பெரியாக்களைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். அதையும் சின்னாக்கள் கணக்கிலதான் எழுதோணும். நான் கேக்கிறது அதுக்கு மேல போனதை.

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:

தம்பி, வயசுக் கதை முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. 1989இல ஃபீஃபா நைஜீரியாவை ரெண்டு வருசம் இளையோர் போட்டியளில விளையாடக் கூடாதெண்டு தடை போட்டது. 88 ஒலிம்பிக்குக்குக் குடுத்த பிறந்த திகதியும் அதுக்கு முதல் வேற போட்டியளுக்குக் குடுத்த திகதியும் மூண்டு பேருக்கு ஒத்து வரேல்ல. அதோட 1991 இளையோர் உலகக் கிண்ணத்தை நடத்திற உரிமையும் கைவிட்டுப் போச்சு. போட்டி போர்த்துக்கலுக்குப் போக, அவங்கள் தங்கட மண்ணில ஃபிகோ, ருய் கோஸ்ரா எண்டு பெடியளை இறக்கி கப்பையும் எடுத்தாங்கள்.

ஆனா 2009இல இருந்து மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கான் பண்ணுற முறை வந்திட்டுது. முன்னங்கை எலும்பின்ர நுனியில வளர்ச்சித் தட்டு எண்டு ஒண்டு இருக்கு, வளருற வயசில அது குருத்தெலும்பா இருக்கும், வளர்த்தி முடியேக்க எலும்போட ஒட்டிப்போகும். முழுசா ஒட்டியிருந்தா ஆள் 17ஐத் தாண்டினது எண்டு கிட்டத்தட்ட அடிச்சுச் சொல்லலாம். எக்ஸ்ரே எடுத்தா பிள்ளைக்குக் கதிர்வீச்சு, அதாலதான் எம்.ஆர்.ஐ. ஒண்டு மட்டும், ஒட்டாம இருக்கிறதால ஆள் 17க்குக் கீழதான் எண்டு அர்த்தமில்லை, 18, 19இலயும் ஒட்டாத ஆக்கள் இருக்கினம். எண்டாலும் மோசமான கள்ளம் எல்லாம் பிடிபடும். 2013உம் 2015உம் நைஜீரியா எடுத்தது இந்த ஸ்கானுக்குப் பிறகு. 2013இல ஒரே போட்டித் தொடரில மெக்சிக்கோவை குரூப் மட்சில 6-1, பைனலில 3-0. உங்கட கோலி இதுக்கு என்ன சொல்லுறான் எண்டு கேளுங்கோ.

இன்னொண்டு. வயசுப் பத்திரம் சரியில்லாத பிள்ளை எல்லாம் கள்ளப் பிள்ளை எண்டு வன்னியில இருக்கிற நாங்களே கதைக்கக் கூடாது. யுத்தத்தின்ர கடைசி நேரம் ஓடேக்க எத்தினை சனத்தின்ர பையில பிறப்புப் பத்திரம் மிஞ்சினது? பிறகு நடமாடும் சேவைக்குப் போய் லைன்ல நிண்டு எடுத்தது, பதிவைத் தேடிப் பிடிக்கேலாத பிள்ளையளுக்கு உத்தேச வயதுப் பத்திரம். நான் பெடியளைக் கூட்டிக்கொண்டு போன ஒரு போட்டியில எதிர் ரீம் எங்கட சென்டர் பேக்குக்கு ஒப்ஜெக்சன் போட்டது. பெடியன் நல்ல உயரம், மேலுதட்டில மீசை அரும்பீட்டுது. பத்திரத்தில பதிஞ்ச திகதியைப் பாத்தா பிறந்து கன வருசம் கழிச்சு. மேசையில இருந்தவர் அதைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாக்கிறார், பின்பக்கம் திருப்பிப் பாக்கிறார், தாய் தேப்பனின்ர பேரைப் பெடியனிட்டயே கேக்கிறார். தாய் தேப்பன் ரெண்டு பேரும் இல்லாத பிள்ளை. பேரைச் சொல்லிப்போட்டு நிண்டான். விளையாட விடேல்லை. ஒரு சத்தமும் போடாமக் குந்தியிருந்து பூட்ஸைக் கழட்டி, லேஸை உள்ளுக்கு வைச்சு, மற்றப் பெடியனுக்கு அளவு சரியோ எண்டு கேட்டுக் குடுத்தான். அவன்ர சரியான வயசு எனக்குத் தெரியும், ஏனெண்டா அவன்ர வகுப்பு முழுக்க நான் படிப்பிச்ச பிள்ளையள்.

நைஜீரியாவிலயும் கிராமப்புறத்தில பதியாமப் பிறந்து வளந்த பிள்ளையள் கனக்க. களவெடுக்கிறவன் எங்கயும் இருக்கிறான், பத்திரமில்லாததைக் களவெண்டு எழுதாதேங்கோ.

அதோட ஜனவரிக் கணக்கையும் மறக்காதேங்கோ. 2009 போட்டிக்கு 1992 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்திருக்கோணும். ஜனவரியில பிறந்தவனும் டிசம்பரில பிறந்தவனும் ஒரே வயசுப் பிரிவு. அந்தப் பதினொரு மாசம் 14, 15 வயசில எவ்வளவு எண்டு பெடியளைப் பாக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலகம் முழுக்க சின்னாக்கள் ரீமுகளில வருசத் தொடக்கத்தில பிறந்த பெடியள்தான் கூட. அது கள்ளமில்லை, சட்டப்படி சரி, ஆனா தெரிவு செய்யிறது கெட்டிக்காரனையோ முதல் பிறந்தவனையோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.

சூரிச் தர்மபுரத்தான்:

2009 எண்டு மாஸ்டர் எழுதினதாலதான் நானும் எழுதுறன், அந்தப் பைனலை இஞ்ச இருந்து பாத்தனான். அபுஜாவில நடந்தது, சொந்த மண்ணில நைஜீரியா, எதிர சுவிஸ். ஒருத்தரும் சுவிஸை நம்பேல்லை. 1-0, செஃபெரோவிச் தலையால அடிச்சது.

இதில வடிவா ஒரு விசயம் பாருங்கோ. அந்தப் போட்டியில பிரேசில் குரூப்போட வீட்டை போச்சு. ஆர் ஆர் இருந்தது? நெய்மர், குட்டினியோ, கசெமிரோ, கோலுக்கு அலிசன். மெக்சிக்கோவிட்டயும் சுவிஸிட்டயும் 1-0, 1-0 எண்டு தோத்தவங்கள். ஜேர்மனியில கோட்சே, கோலுக்கு ரெர் ஸ்ரேகன். முதல் மட்சில 3-0 எண்டு முன்னுக்கு நிண்ட ஜேர்மனியை நைஜீரியா இழுத்து 3-3 ஆக்கினது, பிறகு கடைசி 16இல சுவிஸ் 4-3 அடிச்சு அனுப்பினது. ஸ்பெயினில இஸ்கோ, கோக்கே, மொராத்தா, செமியில நைஜீரியாவிட்ட 3-1. அப்ப ரெக்கோர்ட்டில நெய்மரின்ர ரீம் ஒண்டுமில்லை, ஐஞ்சு வருசத்தில அதே கோட்சே பெரிய உலகக் கிண்ணப் பைனலில கோல் அடிக்கிறான்.

அந்தப் போட்டியின்ர கோல்டன் போல், அதான் சிறந்த வீரன் விருது, ஆருக்குக் கிடைச்சது? நைஜீரியாவின்ர சானி இமானுவேலுக்கு. இப்ப அந்தப் பேரைச் சொன்னா ஆருக்குத் தெரியும்? சுவிஸ் ரீமில இருந்தது ஷாக்கா, றொட்ரிகஸ், செஃபெரோவிச். 2021 யூரோவில பிரான்சை பெனால்ட்டியில அனுப்பின மட்சில இந்த மூண்டு பேரும் விளையாடினவங்கள், செஃபெரோவிச் ரெண்டு கோல், ஷாக்காதான் ஆட்ட நாயகன்.

என்ன வித்தியாசம் எண்டா, கப் அடிச்ச அடுத்த கிழமை ஷாக்காவுக்குத் திரும்பிப் போக பாசல் கிளப் இருந்தது, றொட்ரிகஸுக்கு இஞ்ச சூரிச் கிளப், செஃபெரோவிச்சுக்கு கிராஸ்ஹொப்பர். வீட்டில இருந்து ட்ராமில போய் பிராக்டிஸ் செய்து, பெரிய ரீமில மெல்ல மெல்ல இறங்கி, ஷாக்காவும் றொட்ரிகஸும் 19 வயசிலதான் ஜேர்மனிக்குப் போனவங்கள், செஃபெரோவிச் மட்டும் அடுத்த வருசமே இத்தாலிக்குப் போனவன். நைஜீரியாப் பெடியனுக்கு கப் முடிய ஏஜென்ட் வாறான், 18 வயசில தெரியாத நாடு, தெரியாத பாசை, குளிர், ஒரு கிளப்பில இருந்து இன்னொரு கிளப்புக்கு இரவல். 2015இல கோல்டன் போல் எடுத்த நுவாக்கலியை ஆர்சனல் எடுத்தது, பெரிய ரீமுக்கு ஒரு மட்சும் விளையாடாம வெளியில போனவன். கால் அதே கால்தான், 17 தொடக்கம் 21 வரைக்கும் ஆர் வைச்சுப் பாக்கினம் எண்டதில எல்லாம் இருக்கு.

எங்கட சனத்தின்ர பிள்ளையளும் இஞ்ச ஊர்க் கிளப்புகளில கனக்க விளையாடுதுகள். செஃபெரோவிச் பொஸ்னியாக் குடும்பம், ஷாக்கா கொசோவோ, அதுகளும் எங்களைப் போல வந்த சனம்தான். எங்கட தாய் தேப்பன் மட்டும் ஒம்பதாம் வகுப்பு வந்தவுடன பந்தை ஒளிச்சு வைச்சிடும்.

முறிகண்டிக் கச்சான்:

எல்லாம் சரி அண்ணை, ஒசிமெனை ஏன் விட்டனீங்கள்? அதே 2015இல சிலியில 10 கோல் அடிச்சவன், லாகோஸ் றோட்டில கார் லைற்றில நிக்கேக்க தண்ணி வித்த பெடியன். அவனும் வுல்ஸ்பேர்க்கில காயத்தோட வாங்கில இருந்து, பெல்ஜியத்துக்கு இரவலில போய், அங்கதான் எழும்பினவன். பிறகு நாப்போலி, 33 வருசத்துக்குப் பிறகு இத்தாலி லீக், 26 கோல், 2023இல ஆபிரிக்காவின்ர சிறந்த வீரன். 2013இல கோல்டன் போல் எடுத்த இஹியநாச்சோவும் லெஸ்டரோட எஃப்.ஏ. கப் எடுத்தவன். வித்தவுடன எல்லாரும் நாசமெண்டு சொல்லேலாது.

சூரிச் தர்மபுரத்தான்:

ஓம், ரெண்டு பேரைச் சொன்னனீங்கள். ஒரு ரீமில 21 பேர். மிச்சத்தையும் எழுதுங்கோ பாப்பம்.

பழைய கோலி:

நைஜீரியாவை விடுங்கோ, கானா. 2009 எகிப்தில 20 வயசுக்குட்பட்ட உலகக் கிண்ணம், பைனலில பிரேசிலோட, ஒருத்தனுக்கு ரெட் கார்ட், பத்துப் பேரோட நிண்டு 0-0, பெனால்ட்டியில எடுத்தவங்கள். அதில 8 கோல் அடிச்சவன் அடியியா. அடுத்த வருசம் பெரிய உலகக் கிண்ணக் காலிறுதி, உருகுவேயோட கடைசி நிமிசம், சுவாரஸ் லைன்ல நிண்டு கையால தட்டினது ஆரின்ர ஹெடரை? அதே அடியியாவின்ரதான். கியான் பெனால்ட்டியை பாரில அடிக்காம விட்டிருந்தா சின்னாக்கள் கப்பில இருந்து நேர செமி பைனல், உங்கட கேள்விக்கே இடமிருந்திராது. நான் கோலி, எனக்கு சுவாரஸில கோவம் இல்லை, நல்ல சேவ்.

எங்கட பக்கத்துக் கதையும் ஒண்டு. 17 வயசுக்குட்பட்ட தெற்காசியக் கிண்ணம் 2022இலயும் 2025இலயும் கொழும்பிலதான் நடந்தது, ரெண்டு தரமும் இந்தியா. அதே இந்தியா 2017இல தங்கட நாட்டில நடந்த உலகக் கிண்ணத்தில அமெரிக்காவிட்ட 3-0, கொலம்பியாவிட்ட 2-1, கானாவிட்ட 4-0, மூண்டும் தோல்வி. அந்த ஒரு கோலை அடிச்ச ஜீக்சன் சிங்கை இண்டைக்கும் கொண்டாடுறாங்கள். நாங்கள் அந்த இந்தியாவுக்கும் கீழ நிக்கிறம். 2023இல ஜனவரி தொடக்கம் ஓகஸ்ட் வரைக்கும் ஃபீஃபா இலங்கையையே நிப்பாட்டி வைச்சிருந்தது. 30 வயசுக்காரனுக்கு அது ஒரு சீசன். 16 வயசுப் பெடியனுக்கு அந்த வயசுப் பிரிவே முடிஞ்சுது.

விசுவமடு றைற்பேக்:

எல்லாருக்கும் நன்றி. சூரிச் அண்ணை சொன்னதுதான் எனக்குப் பிடிபடுது, ஏனெண்டா இஞ்ச 17 எண்டா ஒண்டில் ஏ.எல். ரியூசன், இல்லாட்டி மேசன் வேலை, இல்லாட்டி வெளிநாடு. மாவட்டத்தில நல்லா விளையாடின பெடியனை ரெண்டு வருசம் கழிச்சு மோட்டச்சைக்கிளில கண்டா, வயிறு வைச்சுக்கொண்டு "அண்ணை இப்பவும் பிராக்டிஸ் போறியளோ" எண்டு கேக்கிறான். மாஸ்டர், எனக்கு ஒண்டு சொல்லுங்கோ, 17க்குப் பிறகும் பெடியளை நிப்பாட்டி வைக்க நீங்கள் அங்க என்ன செய்யிறனீங்கள்?

ஒட்டுசுட்டான் மாஸ்டர்:

பெரிசா ஒண்டுமில்லை தம்பி. ஓ.எல். எழுதின பெடியளை சோதினை முடிஞ்ச கையோட பெரிய ரீமோட பிராக்டிஸுக்கு விடுவன், மட்சில கடைசிப் பத்து நிமிசமாவது இறக்கச் சொல்லி கிளப்போட சண்டை பிடிப்பன். ரியூசன் நேரத்தைக் கேட்டு வைச்சு, அதுக்குப் பிறகு பிராக்டிஸ். தாய் தேப்பனிட்ட நானே போய்க் கதைப்பன், அதில பாதி வெல்லும். மேசன் வேலைக்குப் போறவன் அஞ்சரைக்குத்தான் வருவான், சீமெந்து காலோட வந்தாலும் ஏசாம விடுங்கோ, அவன் வந்ததே பெரிசு.

முறிகண்டிக் கச்சான்:

2025இல இருந்து இந்தக் கப் வருசா வருசம் கத்தாரில, 48 ரீமோட. முதல் தரம் போர்த்துக்கல் எடுத்தது, பைனலில ஒஸ்ரியாவுக்கு 1-0. முந்தி ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா 24 ரீம்தானே. இந்த வேகத்தில போனா நைஜீரியாவின்ர 5ஐ ஆரோ கெதியா முந்துவாங்கள், அப்ப உங்கட கோலி வேற நாட்டைப் பிடிச்சுத் திட்டோணும்.