காவடி இறக்கிய பிறகும் தொடரும் பழக்கங்கள்: மொரீசியஸ் தமிழர்களின் அனுபவப் பகிர்வு

ரோஸ் ஹில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தைப்பூசத்துக்குக் கொடியேறியது முதல் பத்து நாள் மீன், இறைச்சி, மது எதையும் தொடாமல் கட்டுப்பாட்டோடு இருக்கிறோம். காவடி இறக்கிய அடுத்த வாரமே தட்டு பழையபடி ஆகிவிடுகிறது. பத்து நாள் முடிந்தவருக்குப் பதினோராம் நாள் ஏன் முடியவில்லை என்ற கேள்வி என்னைப் பல ஆண்டுகளாகக் குடைந்துகொண்டிருக்கிறது. ஒரே மாதத்தில் எடையைக் குறைக்கும் திட்டங்களைப் பற்றி ஏற்கெனவே போதிய அளவு பேசியாகிவிட்டது. ஆகவே, உணவிலோ உடற்பயிற்சியிலோ செய்த ஒரு மாற்றத்தைச் சில ஆண்டுகளாவது விடாமல் காப்பாற்றியவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டுகிறேன். முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற புதிதில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் என் ஹெச்பிஏ1சி அளவு 6.2 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்றும், 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு என்றும் மருத்துவர் விளக்கினார். வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் நாடு இது என்பதால் எனக்கு வியப்பு ஏற்படவில்லை. வீட்டுக்கு வந்து நானும் என் மனைவியும் எந்தச் சபதமும் எடுக்கவில்லை. சமையலறையில் என்னென்ன இருக்கின்றன என்பதை மட்டும் பார்த்தோம். மாலை நான்கு மணிக்கு வனிலா மணக்கும் தேயிலையில் பால்மாவும் இரண்டு கரண்டி சர்க்கரையும் கலந்து குடிப்பது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம். அந்தத் தேநீரை நாங்கள் நிறுத்தவில்லை. சர்க்கரையைச் சில வாரங்களுக்கு ஒருமுறை அரைக்கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் டப்பாவை மேசையிலிருந்து எடுத்துப் பூசைப் பொருள்கள் இருக்கும் அலமாரிக்கு மாற்றிவிட்டோம். வனிலாவின் மணம் நாக்கை ஓரளவு ஏமாற்றிவிடுகிறது என்பது என் எண்ணம்.

இரவுச் சோற்றின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் முருங்கைக்கீரை பூயோனை, அதாவது தெளிந்த கீரைச் சாற்றைச் சேர்த்துக்கொண்டோம். கொல்லையில் மரம் இருந்தும் கீரை ஆய்வதற்குச் சோம்பல்பட்டுத்தான் பெரும்பாலோர் அதைச் சமைப்பதில்லை. கொத்துகளை இரவிலேயே ஒரு துணியில் இறுகச் சுற்றிவைத்தால், காலையில் உதறியவுடன் இலைகள் ஈர்க்கிலிருந்து தாமாகவே உதிர்ந்துவிடும். பூண்டும் வெங்காயமும் ஒரு கரண்டி எண்ணெயில் வதங்கியதும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, இலையைக் கடைசியில் போட்டு, நிறம் மங்குவதற்குள் இறக்கிவிட வேண்டும். உப்புக்கருவாட்டை இதோடு சேர்த்துக்கொள்வோர் உண்டு, நாங்கள் சேர்ப்பதில்லை. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கை ஒரு துண்டுக் கருவாடே எடுத்துக்கொண்டுவிடும்.

இளையவர்கள் அறியாத ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1987 ஆம் ஆண்டு வரை நம் ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயிலாக இருந்தது. அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1987-க்கும் 1992-க்கும் இடையில் மக்களின் சராசரி கொலஸ்டிரால் லிட்டருக்கு 5.5-லிருந்து 4.7 மில்லிமோலாகக் குறைந்ததைப் பிற்பாடு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வேறு சில காரணங்களும் துணை செய்திருக்கலாம். ஆனாலும் எண்ணெய் மாற்றத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பதே அவர்களின் முடிவு. அந்த ஐந்தாண்டில் நம்மில் எவரும் மனத்தை அடக்கி எண்ணெயைத் துறந்துவிடவில்லை, கடையில் கிடைத்ததை வாங்கிப் பொரித்துக்கொண்டுதான் இருந்தோம். என் வீட்டிலும் நிலைத்த மாற்றங்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவையே.

குவாத்ர் போர்ன், அலுவலகப் பணியாளர், இரு பிள்ளைகளின் தாய்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கேள்வியை எங்கள் வீட்டில் முதலில் எழுப்பியவர் என் மாமியார். மருத்துவர் தந்த உணவுத்தாளைப் பார்த்துவிட்டு, "இது நோயாளிச் சாப்பாடு, என் பேரன்களுக்கு இதைப் போடாதே" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்பது எத்தனை நாள் நடக்கும்? சமைப்பவளும் நானே, காலை ஏழரைக்குப் பேருந்து ஏறுகிறவளும் நானே.

ஆகவே அவருக்குப் பிடித்த உணவிலிருந்தே தொடங்கினேன். கோயிலில் வாழை இலையில் பரிமாறும் ஏழு கறிகளைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பூசணி, பிஞ்சுப் பலா, வாழைக்காய், கீரை, பருப்பு, ரசம் என்று இலையில் முக்கால் பங்கு காயும் பருப்புமாகவே இருக்கிறது. நடுவில் குவிக்கும் சோறும் முடிவில் வரும் பாயசமும்தான் கணக்கைக் கெடுக்கின்றன. வீட்டில் நான் பரிமாறும் வரிசையை மட்டும் மாற்றினேன். முதலில் இரண்டு காய்கறிகளும் பருப்பும் தட்டில் வரும். அவற்றைப் பாதியாவது சாப்பிட்ட பிறகே சோற்றுப் பாத்திரம் மேசைக்கு வரும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்டால், உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. என் மாமியாருக்கு ஆய்வைப் பற்றிக் கவலையில்லை. கறி சூடாகக் கிடைக்கிறதே என்று அவர் மகிழ்ந்தார், சோறும் தானாகவே குறைந்தது.

மதிய உணவுதான் கடினம். அலுவலக வாசலிலேயே டால் பூரி (பருப்பு அடைத்த மெல்லிய ரொட்டி) விற்பவர் நிற்கிறார், ஒரு ஜோடி வாங்கினால் பத்து நிமிடத்தில் பசி அடங்கிவிடுகிறது. அதை நான் விடப்போவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டேன், அன்று அவரவர் விருப்பப்படி மிளகாய்ச் சட்டினியோடு உண்பது எங்கள் பிரிவில் ஒரு சிறிய திருவிழாவாகவே ஆகிவிட்டது. மற்ற நாள்களுக்கான காய்கறியைப் புதன்கிழமையும் சனிக்கிழமையும் எங்கள் ஊர்ச் சந்தையில் வாங்கி, அன்றிரவே நறுக்கிவைத்துவிடுகிறேன். நறுக்காமல் குளிர்பெட்டியில் கிடக்கும் காய் எங்கள் வீட்டில் சமையலுக்கு வந்ததே இல்லை. குளிர்பானத்தைப் பொறுத்தவரை, அதிலுள்ள சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் அரசு வரி போடத் தொடங்கி ஆண்டுகள் பல ஆகியும், பிறந்தநாள் விழாக்களில் அது குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் வாங்கிவைப்பதில்லை என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

போர்ட் லூயி, செவிலியர்

இருவரும் உணவைப் பற்றி எழுதிவிட்டதால், நான் பணியில் கண்டவற்றை எழுதுகிறேன்.

காவடி முடிந்த வாரத்தில் பாதப் புண்ணோடு வருகிறவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். தை மாதம் நமக்குக் கடுங்கோடை, நண்பகலில் தார்ச்சாலை கொதிக்கிறது. நீண்ட நாள் நீரிழிவால் நரம்பு மரத்துப்போனவருக்கு அந்தச் சூடு உறைப்பதில்லை. ஒரு பெரியவர் காலைத் தூக்கிக் காட்டியபோது, உள்ளங்கால் முழுவதும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. முருகன் அருளால் வலியே இல்லை என்று அவர் சிரித்தார். வலி இல்லாததுதான் எங்களுக்கு அச்சமூட்டியது. அவர் பக்தியைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் நேர்த்திக்கடன் வைத்திருக்கும் நீரிழிவாளர்கள் கொடியேற்றத்துக்கு முன்பே பாதப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும், வேர்க்கும் வெயிலில் நடந்துவிட்டு வந்தவுடன் கண்ணாடியை வைத்தாவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்பதையும் கோயில் நிர்வாகங்களே அறிவிக்கலாம். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை எடுக்கிறவர்களும் உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். மருந்தின் அளவை விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எடையைப் பற்றி ஒரு சொல். நம்மவர்களுக்கு ஒல்லியான கை கால்களோடு வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பது வழக்கம், அவர்களை எவரும் பருமனானவர் என்று நினைப்பதில்லை. தெற்காசிய வழியினருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80 சென்டிமீட்டரையும் எட்டினாலே கவனம் தேவை. தராசைவிடத் தையற்காரரின் நாடா நமக்கு அதிகம் சொல்லும்.

நடையைப் பொறுத்தவரை, இரவு உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன். இயங்கும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்ற பரிந்துரையைக் கேட்டதும் மலைக்கிறவர்கள்கூட, தட்டைக் கழுவிவிட்டுத் தெருக்கோடி வரை போய் வருவதை மறுப்பதில்லை. அறுபத்தைந்து தாண்டியவர்கள் இதோடு கால்வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும். கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்கார முடிகிறதா என்று உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

க்யூர்பிப், எபேனில் கணினிப் பணி, சொந்த ஊர் திருநெல்வேலி

வந்த புதிதில் இந்த ஊரின் மழை என்னைத் தோற்கடித்துவிடும் என்றே நினைத்தேன். ட்ரூ ஓ செர்ஃப் எரிமலைவாயைச் சுற்றியுள்ள சாலையில் விடியற்காலை ஓடுகிறவர்களைப் பார்த்துத்தான் நானும் தொடங்கினேன். இங்கே வானம் தெளிவாக இருக்கும் நாளுக்காகக் காத்திருப்பவன் ஓடவே முடியாது. அதனால் மழைக்கு ஒரு மாற்றும், புயல் எச்சரிக்கைக்கு ஒரு மாற்றும் வைத்துக்கொண்டேன். தூறலென்றால் தொப்பியோடு நடை, எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் வீட்டுக்குள் தண்டாலும் பஸ்கியும். தாத்தா காலத்துப் பயிற்சிகளுக்குக் கருவியோ சந்தாவோ வேண்டாம்.

இருபத்தொரு நாளில் ஒரு பழக்கம் படிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட கணக்கில், ஒரு செயல் தன்னியல்பாக ஆவதற்கான நடுமதிப்பு 66 நாள்; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நம் ஊர் மண்டலக் கணக்கான 48 நாள், இருபத்தொன்றைவிட உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது. ஐயா கேட்ட பதினோராம் நாளுக்கும் இதில் பாதி விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த ஆய்விலேயே, இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் தெரிந்தது. விரதத்தில் ஒரு பிழை என்றால் எல்லாம் போயிற்று என்று நினைத்துப் பழகிய நமக்கு, இது ஏற்றுக்கொள்ளக் கடினமான செய்திதான்.

சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வையும் குறிப்பிட வேண்டும். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடம் நடையும் உணவு மாற்றமும் நோய் வருவதை 28.5 விழுக்காடு குறைத்தன, மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை 26.4 விழுக்காடு குறைத்தது. இரண்டையும் சேர்த்தபோது கூடுதல் பயன் தெரியவில்லை. நம்மைப் போன்ற உடலும் சோறும் கொண்டவர்களிடம் கிடைத்த முடிவு என்பதால், வெளிநாட்டு எண்களைவிட இதை நான் அதிகம் மதிக்கிறேன்.

த்ரியோலே, புதிய உறுப்பினர்

எல்லோருக்கும் வணக்கம். இதய வால்வு அறுவைக்குப் பின் என் தந்தையார் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துவருகிறார். ஐயா எழுதிய முருங்கைக்கீரை பூயோனை அவருக்குத் தினமும் கொடுக்கலாமா? கீரையே கூடாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

போர்ட் லூயி, செவிலியர்

கீரையே கூடாது என்பது சரியன்று, தம்பி. கீரைகளில் வைட்டமின் கே மிகுதி, அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். ஆகவே ஒரு வாரம் நிறையவும் மறுவாரம் ஒன்றுமில்லாமலும் உண்பதுதான் ஆபத்து. எவ்வளவு கொடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் வாரந்தோறும் அதே அளவைக் கொடுங்கள். தொடங்கிய சில நாள்களிலேயே இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை ஒருமுறை எடுத்துவிடுங்கள். முருங்கை இலைப் பொடி அடைத்த மாத்திரைகளை மட்டும் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ரோஸ் ஹில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

செவிலியர் அம்மாவுக்கு நன்றி. பாதப் பரிசோதனை பற்றிய அறிவிப்பை எங்கள் கோயில் பலகையில் அடுத்த கொடியேற்றத்துக்கு முன் எழுதிவைக்கும்படி நிர்வாகத்திடம் பேசியிருக்கிறேன். தமிழிலும் கிரியோலிலும் எழுதித் தருகிறீர்களா?