பிடிஎஸ் முடித்துப் பதிவும் வாங்கியாச்சு: ரெஸ்யூமேயில் 'அனுபவம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது?

கயல்_பிடிஎஸ்

எல்லோருக்கும் வணக்கம். பல் மருத்துவப் படிப்பான பிடிஎஸ்ஸும், அதன் ஒரு வருடக் கட்டாய இன்டர்ன்ஷிப்பான சிஆர்ஆர்ஐயும் முடித்து, பல் மருத்துவக் கவுன்சில் பதிவும் வாங்கிவிட்டேன். வீடு விருதுநகர். மதுரையில் ஏதாவது கிளினிக்கில் வேலை கிடைத்தால் தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம் என்று தேடுகிறேன்.

சீனியர் ஒருவரின் ரெஸ்யூமேயைப் பார்த்து என்னுடையதைத் தயாரித்தேன். முதலில் 'கேரியர் ஆப்ஜெக்டிவ்'. அப்புறம் பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்கள், போன மாநாடுகள், பொழுதுபோக்கு. கடைசியில் அப்பா பெயர், மதம், 'மேற்கண்டவை உண்மை' என்ற உறுதிமொழி, கையெழுத்து. மொத்தம் 3 பக்கம். ஆனால் 'அனுபவம்' என்ற தலைப்புக்குக் கீழே 'ஃப்ரெஷர்' என்ற ஒரே சொல்தான். அனுப்பிய இடங்களில் பதில் போட்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே: "குறைந்தது 1 வருடம் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"

கல்லூரியில் நிறையப் பல் எடுத்திருக்கிறேன், ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையை அகற்றுவது) செய்திருக்கிறேன். முன்பல்லில் ரூட் கெனால் செய்திருக்கிறேன். கடைவாய்ப் பல்லில் மேடம் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செய்ததுதான். இதை அனுபவம் என்று எழுதலாமா? பொய் சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, இன்டர்ன்ஷிப் முடிந்ததும் நீட் எம்டிஎஸ் என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்ததில் சில மாதங்கள் போய்விட்டன. அதை எழுதாமல் விட்டால் தப்பா?

திருச்சி_டென்டிஸ்ட்

கயல், தாராளமாக எழுதலாம்மா. ஒரு வருடம் நோயாளிகளின் வாயில் கை வைத்து வேலை பார்த்திருக்கிறீர்கள். அதற்கு அனுபவம் என்றுதான் பெயர். 'ஃப்ரெஷர்' என்ற சொல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

திருச்சியில் 2 சேர் வைத்து கிளினிக் நடத்துகிறேன். ஜூனியர்களை நான்தான் பேசி எடுப்பேன். 1 வருட அனுபவம் என்று நாங்கள் கேட்பதற்குக் காரணம் இதுதான்: இந்தப் பெண்ணிடம் ஒரு நோயாளியை விட்டுவிட்டு நான் அடுத்த சேருக்குப் போகலாமா? எந்த மாதிரி நோயாளியை விடலாம்? வருகிற ரெஸ்யூமேக்களில் பெரும்பாலும் இதற்குப் பதில் இருப்பதில்லை. 'எக்ஸ்ட்ராக்ஷன் (பல் எடுத்தல்), ஆர்சிடி (ரூட் கெனால்), கிரவுன், இம்பிளான்ட்' என்று வரிசையாக இருக்கும். இன்டர்ன்ஷிப் மட்டும் முடித்தவர் இம்பிளான்ட் என்று போட்டால் எனக்கு மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

கல்லூரியில் செய்த கேஸ்களைக் குறித்து வைத்த லாக் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். செய்த வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். யார் துணையும் இல்லாமல் நீங்களே முடிப்பவை, பக்கத்தில் ஒருவர் இருந்தால் செய்பவை, அசிஸ்ட் செய்தவை. அந்தத் தலைப்புகளிலேயே எழுதுங்கள். அசிஸ்ட் மட்டும் செய்ததை அப்படியே சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஞானப்பல் அறுவை சிகிச்சையில் ஃபிளாப்பை (வெட்டித் திறந்த ஈறை) விலக்கிப் பிடித்திருக்கிறேன், தையல் போட்டிருக்கிறேன் என்று ஒருவர் எழுதினால் எனக்கு அது பயனுள்ள தகவல்.

ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் விவரம் வேண்டும். வெறும் 'ஆர்சிடி' போதாது. ஒற்றை வேர்ப் பல்லா, கடைவாய்ப் பல்லா? வேர்க்குழாயைச் சுத்தம் செய்தது கை ஃபைலிலா, மோட்டாரில் சுழலும் ரோட்டரியிலா? வேர்க்குழாயின் நீளத்தை எக்ஸ்ரேயில் மட்டும் பார்த்தீர்களா, வேர் முனையைக் கண்டறியும் ஏபெக்ஸ் லொகேட்டர் கருவி பழக்கமா? பல்லில் எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் டேம் போடுவீர்களா? பல கல்லூரிகளில் கை ஃபைலில்தான் பழக்குகிறார்கள். கிளினிக்கிலோ பெரும்பாலும் ரோட்டரி. கை ஃபைல்தான் தெரியும் என்று எழுதிவிட்டால், வந்த முதல் வாரத்தில் என்ன சொல்லித்தர வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். கம்ப்ளீட் டென்ச்சர் (முழுப் பல்செட்) என்றால், முதல் அளவு எடுப்பதிலிருந்து பொருத்திக் கொடுப்பது வரை நீங்களே செய்த கேஸ்களைத் தனியாகச் சொல்லுங்கள். எண்ணிக்கையை லாக் புக்கில் உள்ளபடியே போடுங்கள், கூட்டவேண்டாம். நேர்காணலில், வருபவர் கடைசியாகச் செய்த கேஸைத்தான் நான் விவரமாகக் கேட்பேன். கூட்டிச் சொன்னவர்கள் அங்கே திணறுவார்கள்.

யாருமே எழுதாத, ஆனால் நான் தேடுகிற ஒன்று உண்டு. பல் எடுப்பதற்கு முன்னால் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மருந்து அலர்ஜி எல்லாம் கேட்டு கேஸ் ஷீட்டில் குறிக்கும் பழக்கம். கருவிகளைக் கழுவி, பேக் செய்து, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பதுவரை தெரியும் என்பது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 தவணையும் போட்டிருந்தால் அதுவும் ஒரு வரி. நோயாளிகளைப் பாதுகாப்பாகப் பார்க்கிறவர் என்று இவற்றிலிருந்துதான் நம்பிக்கை வருகிறது. கை வேகத்தை நான் கற்றுக்கொடுத்துவிடுவேன்.

ஆப்ஜெக்டிவ், மதம், அப்பா பெயர், பொழுதுபோக்கு, உறுதிமொழி எதுவும் வேண்டாம். பத்தாம் வகுப்பு மார்க்கும் வேண்டாம். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

கோவை_ஃப்ரன்ட்டெஸ்க்

நான் டாக்டர் இல்லை. கோவையில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷன், கணக்கு எல்லாம் பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் ரெஸ்யூமேக்களை முதலில் திறப்பது நான்தான், அதனால் சொல்கிறேன்.

ஃபைலுக்கு 'ரெஸ்யூமே ஃபைனல்' என்று பெயர் வைக்காதீங்க மேடம். டாக்டர் சாயங்காலம் கேட்கும்போது எது யாருடையது என்று தேட வேண்டியிருக்கிறது. உங்கள் பெயர், பிடிஎஸ், ஊர் மூன்றும் ஃபைல் பெயரில் இருக்கட்டும். பிடிஎஃப் ஆகவே அனுப்புங்க. கூடவே, யார், எந்த ஊர், எப்போதிலிருந்து வரமுடியும் என்று இரண்டு வரி டைப் செய்யுங்க. ஃபைலை மட்டும் போட்டுவிட்டுப் போனால் பல நேரம் அப்படியே கீழே போய்விடும்.

எந்த நேரம் வரமுடியும் என்பதைக் கட்டாயம் எழுதுங்க. எங்களுக்குக் கூட்டமே சாயங்காலம் 5 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும்தான். நீங்கள் விருதுநகர் போய்ச் சேர வேண்டும் என்றால் ராத்திரி எத்தனை மணிவரை இருக்க முடியும் என்று கேட்கத்தான் செய்வார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் வீண் அலைச்சல் இல்லை. தெரிந்த மொழிகளையும் போடுங்க. இங்கே பாலக்காட்டிலிருந்து வருபவர்களுக்காக மலையாளம் பேசுகிறவர் என்றால் எங்கள் டாக்டர் உடனே கூப்பிடச் சொல்வார்.

சீதா_சேலம்

கயல், நீட் எம்டிஎஸ் விஷயத்தை மறைக்காதேம்மா. தேதிகளைப் பார்த்தாலே இடைவெளி தெரிந்துவிடும். நானும் படிப்பதற்காக இடைவெளி விட்டுத்தான் வேலைக்கு வந்தேன். 'எம்டிஎஸ் நுழைவுத் தேர்வுக்குத் தயாரிப்பு' என்று மாதங்களோடு ஒரு வரி எழுதியிருந்தேன். யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. எல்லோரும் கேட்டது "மறுபடி எழுதப்போறீங்களா, எவ்வளவு நாள் இருப்பீங்க?" என்றுதான். அதற்கு நேரான பதிலை யோசித்து வைத்துக்கொள். ஒரு வருடம் நிச்சயம் இருப்பேன் என்றால் அதைச் சொல். பாதியில் விட்டால் ரூட் கெனால் பாதியில் இருக்கும் நோயாளிகள்தான் கஷ்டப்படுவார்கள், கிளினிக்காரர்களின் கவலையும் அதுதான்.

கேஸ் போட்டோக்கள் இருந்தால் நாலைந்து போதும், தனி ஃபைலாக வை. நோயாளி சம்மதித்திருக்க வேண்டும், முகமோ பெயரோ ஓபி (வெளிநோயாளி) எண்ணோ தெரியக் கூடாது. எக்ஸ்ரேயின் மூலையில் பெயர் இருக்கும், அதையும் வெட்டிவிடு. பரிந்துரைக்கு உன் மேடத்தின் பெயரைப் போடுவதாக இருந்தால் முதலில் அவரிடம் கேட்டுக்கொள். யாராவது திடீரென்று போன் செய்து விசாரித்தால் அவருக்கு உன்னை நினைவு இருக்க வேண்டும் இல்லையா.

கயல்_பிடிஎஸ்

சார், அக்கா, கோவை நண்பர், எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி உட்கார்ந்து மாற்றி எழுதினேன். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, இங்கே தமிழில் போடுகிறேன்:

"தனியாகச் செய்பவை: ஸ்கேலிங், மரத்துப்போகும் ஊசி போட்டுப் பல் எடுத்தல், ஜிஐசி, காம்போசிட் (பல் அடைக்கும் பொருள்கள்) ஃபில்லிங், முன்பல் ரூட் கெனால் (கை ஃபைல், எக்ஸ்ரே மூலம் நீளம்). மேற்பார்வையில் செய்தவை: கீழ்க் கடைவாய்ப் பல் ரூட் கெனால், கம்ப்ளீட் டென்ச்சர் தொடக்கம் முதல் முடிவு வரை. அசிஸ்ட் செய்தவை: ஞானப்பல் அறுவை சிகிச்சை. பள்ளி முகாம்களில் குழந்தைகளின் பற்களைப் பரிசோதித்து ரெக்கார்டு எழுதியது."

சரியாக இருக்கிறதா சார்?

திருச்சி_டென்டிஸ்ட்

நன்றாக இருக்கிறதும்மா. இதைப் படித்தால் உங்களிடம் எந்த நோயாளியைக் கொடுப்பது என்று தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் லாக் புக் எண்ணிக்கையைச் சேருங்கள். 'பல் எடுத்தல்' என்பதில் கீழ்க் கடைவாய்ப் பற்களும் உண்டா என்று சொல்லுங்கள், கீழ்த்தாடையை மரத்துப்போகச் செய்யும் நரம்பு பிளாக் ஊசி உங்களுக்குச் சரியாக விழுகிறதா என்று அதிலிருந்துதான் தெரியும். குழந்தைகளைப் பார்த்ததைக் கடைசியில் ஒளிக்காதீர்கள், அழுகிற குழந்தையிடம் பொறுமையாக இருக்கிறவருக்கு எல்லாக் கிளினிக்கிலும் தேவை இருக்கிறது. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் உங்கள் பெயருக்கு நேர் கீழே வரட்டும்.

அனுப்பிய பிறகு, கூட்டம் குறைவாக இருக்கும் ஒரு மதிய நேரத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று இடங்களுக்கு நேரிலேயே போய்ப் பாருங்கள். லாக் புக்கும் பையில் இருக்கட்டும்.