விலை உயர்ந்த கைக்கடிகாரத்தை மறுவிற்பனை செய்த அனுபவங்கள்: கோத்தகிரி, குன்னூர், உதகை

கோத்தகிரி உறுப்பினர்:

என் மாமனார் குவைத்தில் வேலை பார்த்தபோது, 1974-இல் வாங்கிய ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் ஒன்று எங்கள் வீட்டு பீரோவில் நெடுங்காலம் இருந்தது. 1601 என்ற எண்ணுடைய மாதிரி அது. திருவிழாவுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மட்டுமே அவர் அதைக் கட்டிக்கொள்வார். அவர் காலமான பிறகு, பேத்தியின் படிப்புச் செலவுக்காக அதை விற்றுவிடலாம் என்று மைத்துனரும் நானும் முடிவு செய்தோம். கோயம்புத்தூரில் பழைய கடிகாரங்களை வாங்கி விற்கும் ஒருவருக்குப் படம் அனுப்பியபோது, நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றாலும் மூன்றரை லட்சம் வரை போகலாம் என்றார்.

அதோடு நேராகப் பேருந்து ஏறியிருக்க வேண்டும். பழைய நகையைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்துச் செல்லும் வீட்டில் வளர்ந்தவன் நான். டயலில் நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே பழுப்பு நிறத்தில் சில புள்ளிகள் இருந்தன. பின்மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் மலையில் கவியும் ஈரப்பனி உள்ளே புகுந்துவிடும். புள்ளிகள் அப்படி வந்தவைதான். பக்கத்து ஊரில் ஒரு கடையில் டயலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, உடல் முழுவதையும் பாலிஷ் போடச் சொன்னேன். திரும்பி வந்தபோது நேற்று வாங்கியது போல் இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கோவைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முதலில் பார்த்தது டயலின் அடி விளிம்பை. ஆறு மணிக்குக் கீழே, இரு பக்கமும் 'டி' என்ற எழுத்தோடு 'சுவிஸ்' என்று பொடி எழுத்தில் இருந்திருக்க வேண்டும் என்றார். இருட்டில் ஒளிர்வதற்கு டிரிட்டியம் பூசப்பட்ட டயல் என்பதற்கு அதுவே அடையாளமாம். பெயிண்ட் அடித்தவர் அந்த எழுத்துகளை விட்டுவிட்டார். நிமிடக் கோடுகளும் ஓரிடத்தில் சற்று வளைந்திருந்தன. பிறகு கண்ணாடியைச் சுற்றியுள்ள வெள்ளைத் தங்க வளையத்தைக் காட்டினார். நகத்தால் தடவினால் தடுக்க வேண்டிய வரிகள் தேய்ந்து, கரைந்த சோப்புக்கட்டி போல் வழுவழுத்துக் கிடந்தன.

"புள்ளிகளோடயே கொண்டு வந்திருந்தா கொஞ்சம்தான் குறைச்சிருப்பேன் சார். இதை மும்பை ஸ்பெஷல்னு, அதாவது டயலுக்கு மறுபெயிண்ட் அடிச்ச சரக்குன்னு தள்ளிடுவாங்க" என்றார். ஒரு லட்சத்து அறுபதாயிரத்தில் தொடங்கி, ஒன்றே முக்காலில் முடிந்தது.

நகையில் எடைக்கு விலை. செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. கைக்கடிகாரத்தில் எஃகின் எடைக்கு நயா பைசா மதிப்பில்லை. வாங்குபவர் பணம் கொடுப்பது முழுக்க முழுக்க அந்தச் செய்கூலிக்குத்தான், அதுவும் முதன்முதலில் செய்தவரின் கைவேலைக்கு. அதைத்தான் நான் காசு கொடுத்துத் தேய்த்து எடுத்திருக்கிறேன். குவைத் கடையின் உத்தரவாதச் சீட்டு இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டியிருப்பாராம். வீடு மாறியபோது அதுவும் குப்பையோடு போய்விட்டது.

குன்னூர் உறுப்பினர்:

மேலே எழுதியவராவது பழைய பொருளைக் கெடுத்தார். நான் பெட்டி, சீட்டு எல்லாவற்றோடும், ஒரு கீறல் கூட இல்லாமல் வைத்திருந்து நஷ்டப்பட்டவன். பெங்களூரில் வேலையில் இருந்தபோது, 2022 மார்ச்சில், ரோலெக்ஸ் சப்மரைனர் ஒன்றை இரண்டாம் கைச் சந்தையில் பதினான்கு லட்சத்துக்கு வாங்கினேன். கம்பெனியின் பட்டியல் விலை அதைவிட மிகவும் குறைவு. ஆனால் அந்த விலைக்கு வாங்க ஷோரூமில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். படேக் பிலிப் என்ற சுவிஸ் கடிகார நிறுவனம் நாட்டிலஸ் 5711 மாதிரியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்த பிறகு அதன் சந்தை விலை பட்டியல் விலையைப் போல் சில மடங்கு ஏறியிருந்தது. அந்தக் காய்ச்சல் என்னையும் பிடித்துக்கொண்டது. நான் வாங்கியது சந்தை உச்சியில் இருந்த சமயம் என்பது, அந்த வேனிற்காலம் முடிவதற்குள் விலை சரியத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. குன்னூரில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பிய 2024-இல் பத்தரை லட்சத்துக்குக் கொடுத்தேன்.

இத்தனைக்கும் அது தன் பட்டியல் விலைக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆகவே அந்தக் கடிகாரம் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டது, நான்தான் காப்பாற்றிக்கொள்ளவில்லை என்று என் தங்கை கேலி செய்கிறாள். அவள் கணவரின் கதை வேறு. வேறொரு சுவிஸ் கம்பெனியின், கற்கள் பதித்த, மெல்லிய கடிகாரத்தை ஷோரூமில் முழு விலைக்கு வாங்கினார். அதில் சேர்ந்த பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. அன்றே போனது போனதுதான். ஓராண்டுக்குள் விற்கப் போனபோது பாதி விலைக்குக் கூட ஆள் கிடைக்கவில்லை. காத்திருக்க ஆள் இல்லாத மாதிரிக்கு, பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இரண்டாம் கையில் கிராக்கி கிடையாது.

உதகை உறுப்பினர்:

கோத்தகிரி ஐயாவுக்கு மட்டும் ஒரு விளக்கம். என் அப்பா உதகையில் நாற்பது ஆண்டுகள் கடிகாரம் பழுது பார்த்தார். பாலிஷ் போடுகிறவர்களைக் குறை சொல்லும்போது, பளபளக்காவிட்டால் கூலியே தராத வாடிக்கையாளர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்பா வேண்டாம் என்று தடுத்துப் பார்ப்பார். கேட்காவிட்டால் செய்து கொடுப்பார். ஆனால் கழற்றிய முள், திருகு, கண்ணாடி எதையும் எறிய மாட்டார். 'இந்து' என்ற பெயரில் கேமரா பிலிம் தயாரித்த எங்கள் ஊர்த் தொழிற்சாலையின் புண்ணியத்தில் காலி பிலிம் டப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் போட்டு, மேலே தேதி எழுதி, கடிகாரத்தோடு கொடுத்துவிடுவார்.

அப்படி அவர் 1988-இல் ஒரு ஒமேகா சீமாஸ்டரின் முட்களை மாற்றியிருந்தார். புதிய முட்கள் பச்சென்று ஒளிர்ந்தன; டயலில் மணிகளைக் காட்டும் ஒளிர்புள்ளிகளோ காலத்தால் தேன் நிறமாகியிருந்தன. இரண்டும் ஒட்டவில்லை என்று ஒரு வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டிருக்கிறார். போன வருடம் அந்தக் குடும்பத்தார் வீட்டைத் துழாவி டப்பாவைக் கண்டுபிடித்து, எங்கள் கடைக்கு வந்து, இது அப்பாவின் கையெழுத்துதானா என்று கேட்டார்கள். அவருடையதேதான். மறுவாரம் சென்னையிலிருந்து அதை வாங்க வந்தவர், மேசையில் இருந்த ஒமேகாவைத் தொடுவதற்கு முன், டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாராம்.