சுரங்க ‘மூடல்’ வேண்டாம், ‘முடிப்பு’ போதும்

ஐயா, வணக்கம்.

‘mine closure and rehabilitation plan’ என்பதற்கு நீங்கள் முன்வைத்த தமிழ்ப் பெயர் ‘சுரங்க மூடல், மறுவாழ்வுத் திட்டம்’. குமரி மாவட்டத்தில் அதன் இரண்டு சொல்லும் தடுக்கும். விளவங்கோட்டுப் பக்கம் கல்குவாரியை ‘மூடப் போறாங்க’ என்றால், மண் போட்டு நிரப்புவார்கள் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். நிரப்ப என்ன இருக்கிறது? கல்லெல்லாம் ஜல்லியாகப் போய்விட்டது. தொங்கும் பாறையைத் தட்டி இறக்குவது, படிகளைச் சரிப்படுத்துவது, விளிம்பில் வேலி, மழைவெள்ளம் உள்ளே பாயாமல் வெளிப்புறம் ஒரு ஓடை: வேலை இவ்வளவுதான். குழி திறந்தே கிடக்கும். ‘மறுவாழ்வு’ என்றாலோ, நிலம் கொடுத்த குடும்பங்களின் நினைப்புதான் வரும்.

முதலாவதற்குச் ‘சுரங்க முடிப்பு’ என்கிறேன், கணக்கு முடிப்பது போல. 2017-இன் கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகளில் இறுதித் திட்டத்தைச் சுரங்கம் முடிவதற்கு 2 ஆண்டு முன்பே கொடுத்தாக வேண்டும். ஒரே நாளில் கதவைச் சாத்தும் காரியமில்லை.

இரண்டாவதற்கு ‘நிலந்தேற்றல்’. நோயாளி தேறினால் பழைய உடம்பு அப்படியே வராது, எழுந்து நடப்பார். கடற்கரை மணலைத் தோண்டிக் கனிமம் எடுக்கும் மணவாளக்குறிச்சிக் கரையும் அப்படித்தான். 1909-இல் மோனசைட் என்னும் கனிமம் கண்டறியப்பட்ட கரை அது. இல்மனைட், சிர்கான், மோனசைட், கார்னெட்டைப் பிரித்தபின் குழிக்குத் திரும்புவது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல். எடுத்த கனிமத்தின் அளவுக்கு மேடு தாழ்ந்துவிடும். கழுவிய மணலில் களி இல்லை, ஈரம் நிற்காது. வெறும் மணலில் நட்ட சவுக்குக் கன்று முதல் கோடையிலேயே கருகும். அதனால் தோண்டுமுன்பே மேல்மண்ணைத் தனியாக வழித்து, சுமார் 2 மீட்டருக்கு மேல் உயராத குவியலாக வைத்து, சீக்கிரம் திருப்பிப் பரப்ப வேண்டும். உயரக் குவித்தால் உள்ளே காற்றுப் புகாது. விதையும் நுண்ணுயிரும் செத்துப்போகும். கடல்முகத்தில் அடும்பும் ராவணன் மீசையும் மணலைப் பிடித்த பிறகே மரம். மோனசைட்டில் தோரியம் இருப்பதால், கதிர்வீச்சைத் தோண்டுமுன்னும் நிரப்பிய பின்னும் ஒரே இடங்களில், தரைக்கு 1 மீட்டர் மேலே அளக்க வேண்டும். முன் அளவு இல்லாமல் பின் அளவுக்குப் பொருளே இல்லை.

*

ஐயா, ‘முடிப்பு’ சரி. வேலையை முடிப்பதற்கு உத்தரவாதமாகப் பிணைத்தொகையும் கட்ட வேண்டியிருப்பதால் ‘பணமுடிப்பு’ என்பதும் கூடவே ஒலிக்கிறது! ஆனால் ‘தேற்றம்’ பள்ளிக் கணக்கில் பித்தாகரசுக்குப் போய்விட்டதே? குவாரிக் குழியில் தண்ணீர் தேக்கி மீன் வளர்த்தால், அதையும் தேற்றல் என்பீர்களா?

*

அதற்காகவே ‘தேற்றம்’ என்று எழுதாமல் ‘தேற்றல்’ என்று எழுதினேன். மீன்குட்டையில் நிலம் தேறவில்லை, வேறு வேலைக்குப் போயிருக்கிறது. அதை ‘மறுபயன்’ என்று தனியே சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.